நிழல் விழாத சுவர்

வேணாட்டுச் சுவடுகள் (தொடர்)

கொல்லம் ஆண்டு 925, மகர மாதம் 5ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 1750 ஜனவரி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தம் உடைவாளைப் பெருமாள் முன் வைத்தார். தோவாளை தொடங்கி வடக்கே தாம் வென்றெடுத்த நாடுகள் வரை எல்லாவற்றையும் பெருமாளுக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். அதே வாளைத் திரும்பக் கையில் எடுத்தபோது அவர் நாட்டுக்கு உடையவர் அல்லர். உடையவரின் ஊழியர், பத்மநாபதாசர். திருப்படித்தானம் என்ற இந்நிகழ்ச்சியின் அரசியலைச் சென்ற பகுதியில் பார்த்தோம். எட்டு வீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கியதையும், 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்ததையும் அதோடு சேர்த்துப் பேசினோம்.

தானத்தின் எழுத்து திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அதன் படம் நம் மாவட்டத்தில், தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவர்களில் இருக்கிறது. இந்தப் பகுதி அந்தச் சுவர்களைப் பற்றியது.

பத்மநாபபுரம் நாஞ்சில் நாட்டுக்குள் அடங்காது என்பதை நாஞ்சில்காரர்களே முதலில் சொல்வார்கள். அது கல்குளம், வேணாட்டு அரசின் பழைய இருக்கை. ஆனால் நாஞ்சில் நாட்டு வயல்தான் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அரண்மனை ஊட்டுப்புரையில் இரண்டு தளங்களிலும் இலை போட்டு ஆயிரக்கணக்கானவருக்குச் சோறு இட்டதெல்லாம் இந்த நெல்லை நம்பித்தான். ஆகவே அந்தச் சுவர்களில் நாஞ்சில்காரர்களான நமக்கும் பங்கு உண்டு.

முதலில் மாளிகையின் அடுக்கைக் கவனிக்க வேண்டும். படம் எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதிப் பொருள் அடங்கியிருக்கிறது. உப்பரிகை மாளிகைக்கு நான்கு தளங்கள். தரைத்தளம் கருவூலம். அதற்கு மேல் அரசரின் பள்ளியறை. அறுபத்து நான்கு வகை மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்லப்படும் கட்டில் அங்கேதான் கிடக்கிறது. அதற்கும் மேல், நோன்பு நாள்களில் அரசர் தங்கி இருந்த அறை. எல்லாவற்றுக்கும் மேலே நாலாம் தளம். அது பத்மநாபசுவாமியின் அறை. அங்கே ஒரு கட்டில், பெருமாள் பள்ளிகொள்வதற்கு. தூங்கும் விளக்குகள், அவை அணையாமல் காக்கப்பட்டு வந்தன என்பது அரண்மனை வழக்கு. நான்கு பக்கமும் சுவரோவியங்கள். கீழே பொன், நடுவே அரசர், உச்சியில் தெய்வம். 1750இல் ஓலையில் எழுதியதை ஒரு கட்டடமாக அடுக்கி வைத்தது போன்ற அமைப்பு இது. அரசர் தினமும் உறங்கியது, தம் எசமானர் படுத்திருந்த அறைக்குக் கீழே.

மேல்தளத்து ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அவை மனிதர் பார்ப்பதற்காக வரையப்பட்டவை அல்ல. கோயில் கோபுரத்து உட்சுவரில், பிராகாரத்தில் தீட்டிய படங்கள் வந்துபோகும் கூட்டத்துக்குக் கதை சொல்பவை. இங்கே கூட்டம் கிடையாது. அறைக்குச் சொந்தக்காரர் கட்டிலில் கிடக்கும் பெருமாள். பார்வையாளர் அவரே. அனந்தசயனம், குழலூதும் கண்ணன், வேட்டைக்குப் புறப்பட்ட சாஸ்தா என்று சுவர் முழுவதும் நிறைந்திருப்பவர்கள் அவர் பார்வையில் நிற்பவர்கள். பூசைக்கு வந்து போகும் சிலர் ஓரத்தில் நின்று பார்த்தால் பார்த்ததுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, படம் எப்படி வரையப்பட்டது என்று பார்ப்போம். கேரளச் சுவரோவிய மரபில் சுவரைப் பதப்படுத்துவதே பெரிய வேலை. சுண்ணாம்பும் மணலும் சேர்த்த பூச்சு. அது இறுகிய பின் நுண்மையான இரண்டாம் பூச்சு. கடைசியாக இளநீர் சேர்த்த சுண்ணாம்புநீரைத் திரும்பத் திரும்பத் தடவி, சுவர் வெண்மையாக வழவழப்பாகும் வரை விடமாட்டார்கள். காய்ந்த சுவரில்தான் வண்ணம் ஏறும். வண்ணம் ஐந்தே. காவிச் சிவப்பு, மண் மஞ்சள், அவுரிச் சாற்றோடு மஞ்சள் பிசின் சேர்த்த பச்சை, விளக்குப் புகையிலிருந்து எடுத்த கருப்பு, பிறகு வெள்ளை. வெள்ளை என்று தனியாக ஒன்றைப் பூசுவதில்லை. சுவரைச் சும்மா விட்டுவிட்டால் அதுவே வெள்ளை. முத்துமாலையின் முத்தும் கண்ணின் வெண்படலமும் வண்ணம் தொடாத சுவர்தான்.

ஒரு கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இம்மரபில் தோழிப் பெண் ஒருத்தியின் மஞ்சள் மேனிக் கை எப்படி உருவாகிறது? முதலில் மெல்லிய கோடு. பிறகு முழுக் கையிலும் ஒரே மஞ்சள். அதன் பின் புல்தண்டுத் தூரிகையின் நுனியால் காவிப் புள்ளிகள். கோட்டை ஒட்டிய விளிம்பில் புள்ளிகள் நெருக்கமாக விழும். உள்ளே வர வர இடைவெளி கூடும். கையின் நடுப்பகுதியை எட்டும்போது புள்ளி நின்றுவிடும். வெறும் மஞ்சள் மட்டும் மிஞ்சும். கடைசியில் விளிம்பு முழுவதும் கருப்புக் கோடு. இப்போது கை உருண்டு திரண்டு நிற்கிறது. இந்த வேலைக்கு வர்த்தனை என்று பெயர். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் இதில் மூன்று வகையைச் சொல்கிறது. இலைநரம்பு போலக் கோடிழுத்து நிழற்றுவது ஒன்று, மிக நுண்ணிய தடவலால் நிழற்றுவது ஒன்று, புள்ளி வைத்து நிழற்றுவது ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரன் எழுதிய சில்பரத்னமும் ஓவியத்துக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. அந்நூல் திருவனந்தபுரத்தில் 1922இலும் 1929இலும் இரண்டு பகுதிகளாக அச்சேறியது. பத்மநாபபுரத்துச் சுவரில் கைவைத்தவர்கள் இந்த முறையில் ஊறியவர்கள்.

இப்போது கேள்வி. விளிம்பு கருத்து நடு வெளுத்தால், ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது? இடமிருந்து வந்தால் வலப்பக்கம் மட்டும் கருத்திருக்க வேண்டும். மேலிருந்து வந்தால் கீழ்ப்பக்கம் கருத்திருக்க வேண்டும். இரண்டு ஓரமும் ஒரே அளவு கருத்திருந்தால், ஒளி நேர் எதிரே இருக்கிறது என்று பொருள். பார்ப்பவர் இருக்கும் இடத்திலிருந்து அது வருகிறது. அந்த அறையில் பார்ப்பவர் இருக்கும் இடம் கட்டில். விளக்கு தூங்குவதும் அறைக்குள்ளே, சுவரை நோக்கித்தான். படத்துக்குள் சூரியனோ சந்திரனோ இருந்தாலும் அவை யார் மேலும் ஒளியை வீசுவதில்லை. சுவரில் நிற்கும் ஒவ்வொரு மேனியும் பெருமாள் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தால் துலங்குகிறது. ஓவியர்கள் பழகிய முறையிலேயே வரைந்தார்கள். கேரளக் கோயில்கள் எல்லாவற்றிலும் இதே வர்த்தனைதான். ஆனால் அந்த முறைக்கு முழுப்பொருள் கிடைத்த இடம் இந்த அறை என்பது என் துணிபு. கட்டிலும் விளக்கும் சுவரும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். மின்விளக்கைப் பாய்ச்சி எடுத்த நிழற்படத்தில் வண்ணம் எல்லாம் வருகிறது. இந்த உறவு வருவதில்லை.

இதன் அருமை விளங்க, ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிளாரன்ஸ் நகரில் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில் பிரான்காச்சி சிற்றாலயம் என்று ஒரு சிறு பகுதி. 1420களின் நடுவில் மசாச்சோ என்ற இளைஞர் அங்கே வேலை செய்தார். 1401இல் பிறந்தவர், 1428இல் இறந்துவிட்டார். சிற்றாலயத்தின் பலிபீடச் சுவரில் ஒரு சன்னல். சுவரோவியங்களில் ஒளியெல்லாம் அந்த உண்மையான சன்னலிலிருந்தே வருவதாக அவர் தீட்டினார். சன்னலுக்கு இடப்பக்கம் உள்ள படத்தில் ஒளி வலமிருந்து வருகிறது. வலப்பக்கம் உள்ளதில் இடமிருந்து. அதற்கு முன் இவ்வளவு கண்டிப்பாக ஒளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டவர் அரிது.

அந்த இடப்பக்கத்துப் படம், புனித பேதுரு தம் நிழலால் நோயாளிகளைக் குணப்படுத்தும் காட்சி. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் செய்தி அது. பேதுரு தெருவில் நடந்து வருகிறார். பக்கத்தில் முடவர்கள் கிடக்கிறார்கள். அவர் குனிந்து அவர்களைப் பார்க்கவில்லை. பார்வை நேர் எதிரே. ஒளி ஒரு பக்கமிருந்து வருவதால் நிழல் மறுபக்கம் விழுகிறது, நோயாளிகள் மேல். நிழல் தொட்ட ஒருவன் ஏற்கெனவே எழுந்து நிற்கிறான். மசாச்சோ ஒளிக்குத் திசை கொடுத்ததால் நிழலுக்கு உடல் வந்தது. நிழலுக்கு உடல் வந்ததால் அற்புதம் கண்ணால் பார்க்கத்தக்கதானது. ஓவிய நுட்பமும் வேதக்கதையும் ஒன்றாகிவிட்ட இடம் அது.

நம் உப்பரிகைச் சுவரில் தரையில் விழும் நிழல் கிடையாது. தெரியாததால் விட்டதல்ல அது. நளன் கதை கேட்டவருக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன் முதலான நால்வரும் நளன் உருவிலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து நளன்களில் மனிதன் யார்? கண் இமைப்பவன், கால் தரையில் தோய்பவன், மாலை வாடுபவன் என்று அடையாளம் கண்டாள். மகாபாரதம் இன்னொன்றையும் சேர்க்கிறது. தேவர்களுக்கு நிழல் விழாது. இந்த அடையாளங்களை வைத்துக்கொண்டு சுவரைப் பாருங்கள். கண்கள் அகன்று இமையாமல் இருக்கின்றன. மாலைகள் ஒரு பூ வாடாமல் இருக்கின்றன. நிழல் இல்லை. வரைந்தவர் ஒரு தேவசபையை வரைந்திருக்கிறார், அதற்குரிய சட்டத்தோடு. மசாச்சோவுக்கு நிழல் அற்புதம்; இங்கே நிழல் இன்மை தெய்வத்தின் சான்று. இரண்டு ஓவியங்களும் ஒளியைக் கருத்தோடு கையாண்டவை. ஒன்றைவிட ஒன்று பின்தங்கியது என்ற பழைய பேச்சை இனியாவது விட்டுவிட வேண்டும். நம்மவர்க்கு ஒளி நிழல் தெரியாது என்று எழுதியவர்கள் விளக்கை மறந்துவிட்டுச் சுவரை மட்டும் பார்த்தவர்கள்.

பொன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் படத்தில் தங்க ரேக்கை ஒட்டிக் கல் பதிப்பார்கள். பத்மநாபபுரத்துச் சுவரில் நகை எல்லாம் மண் மஞ்சள். அதன் மேல் காவிக் கோடும் கருப்புக் கோடும். கிரீடம், தோள்வளை, பதக்கம், அரைஞாண் எதை எடுத்தாலும் கோட்டின் நெருக்கத்தாலேயே மின்னுகிறது. பிளாரன்ஸில் 1435இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய ஆல்பெர்ட்டி, பொன்னைப் பொன்னாலேயே காட்டுவதைவிட வண்ணத்தால் காட்டுபவனையே மெச்சினார். கல்குளத்து ஓவியரும் அந்தக் கட்சிதான். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

இனிக் குறியீடு. அங்கேதான் இரண்டு மரபும் பிரிகின்றன. நெதர்லாந்து ஓவியர் யான் வான் எய்க் 1430களில் வரைந்த மங்கள வார்த்தைப் படம் இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி. மேலே ஒரு சன்னலிலிருந்து ஏழு கதிர்கள் இறங்குகின்றன; அவற்றோடு தூய ஆவியின் புறா. கண்ணாடி உடையாமல் ஒளி உள்ளே புகுவது போல என்று கன்னித்தாய்மைக்கு இடைக்கால இறையியலார் விளக்கம் சொல்லியிருந்தார்கள். ஓவியர் அதைச் சன்னலாகவே வைத்துவிட்டார். மரியாளுக்குப் பின்னே கீழே மூன்று சன்னல்கள், திரித்துவத்துக்கு. தரை ஓடுகளில் சிம்சோன், தாவீது கதைகள். எல்லாவற்றிலும் நுட்பமானது மரியாளின் மறுமொழி. அந்த எழுத்துகள் தலைகீழாக இருக்கின்றன. மேலிருந்து பார்க்கும் கடவுள் படிப்பதற்காக. 1953இல் எர்வின் பனோஃப்ஸ்கி நெதர்லாந்து ஓவியம் பற்றிய தம் பெருநூலில், இப்படி அன்றாடப் பொருள்களுக்குள் பொருளை மறைத்து வைப்பதே அந்தக் கால ஓவியரின் உத்தி என்று வாதிட்டார். சன்னல் சன்னலாகவும் இருக்கும், வேதமாகவும் இருக்கும். தெரிந்தவன் எடுத்துக்கொள்ளலாம்.

நம் சுவரில் எதுவும் மறைக்கப்படவில்லை. தியான சுலோகம் தெய்வத்தின் நிறம், கைகளின் எண்ணிக்கை, ஆயுதம், இருக்கை அனைத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. சாத்விக உருவுக்குப் பச்சை, ராஜச உருவுக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும், தாமச உருவுக்கு வெள்ளையோ கருப்போ. கதகளி பார்த்தவருக்கு இந்த நிறக்கணக்கு பழகியதே. அனந்தசயனத்தில் பாம்பணை காலத்தின் முடிவின்மை. உந்தித் தாமரையில் நான்முகன் படைப்பு. பள்ளிகொண்ட நிலை படைப்புக்கு முந்திய அமைதி. இவை புதிர்கள் அல்ல, எல்லோரும் அறிந்த அடையாளங்கள். ஆகவே இந்த ஓவியத்தைப் படிப்பவர் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடிப் பயனில்லை. தியான சுலோகம் விட்டுக்கொடுத்த சிறு இடங்களில், ஒரு தோழியின் இடுப்பு வளைவில், ஒரு விலங்கின் திமிறலில், ஓவியர் தம் கையை எங்கே காட்டினார் என்றுதான் தேட வேண்டும். அந்தத் தேடல் தனி இன்பம்.

ஆனாலும் வான் எய்க்கின் தலைகீழ் எழுத்தும் உப்பரிகையின் நாலாம் தளமும் ஓரிடத்தில் கைகோக்கின்றன. இரண்டும் மனிதக் கண்ணைத் தாண்டி இன்னொரு பார்வையை முன்வைத்து வரையப்பட்டவை.

இந்த ஒப்பீடு வெறும் கற்பனை அன்று என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. அரண்மனையிலிருந்து நடந்து போகும் தொலைவில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்து வலிய கப்பித்தான் ஆன யுஸ்டேஷியஸ் டி லனாய் வாழ்ந்த இடம். அவர் பிறந்தது 1715இல், அராஸ் நகரில். வான் எய்க்கின் புரவலரான பர்கண்டிப் பிரபு ஆண்ட நிலப்பகுதிக்குள் அக்காலத்தில் அராஸும் அடங்கியிருந்தது. போதுவான் டி லனாய் என்ற பிரபுவின் உருவப்படத்தை வான் எய்க் வரைந்தார்; அது பெர்லினில் இருக்கிறது. குலப்பெயர் ஒன்று, அதற்கு மேல் முடிச்சுப் போட வேண்டாம். டி லனாய் கத்தோலிக்கர். உதயகிரிக்குள் அவர் கட்டிய சிற்றாலயம் இன்று கூரையின்றி நிற்கிறது. 1777இல் இறந்த அவருடைய கல்லறை அதற்குள் இருக்கிறது. பத்மநாபபுரத்தில் அரசு அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை அவரிடம் பழகி, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. நாடு முழுவதையும் பெருமாளுக்கு எழுதிக் கொடுத்த 1750க்கு முன்னும் பின்னுமாக, சில ஆண்டுகளுக்குள் நடந்தவை இவை. அரசின் உடைமையே தெய்வத்தின் உடைமை என்று ஆனபின் ஓர் அலுவலர் மதம் மாறியிருந்தது அரசாங்கத்தின் கண்ணில் எவ்வளவு பெரிய காரியமாகப் பட்டிருக்கும் என்பதை இந்த அறையை நினைத்துக்கொண்டு யோசித்தால் புரியும்.

ஒளியை வழிபாட்டோடு இணைப்பது அரண்மனை கண்டுபிடித்ததும் அன்று. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நம்மாழ்வார் பாடிய திருப்பதி. இருபத்திரண்டு அடி நீளத்தில் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகச் சேவிக்க வேண்டும். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாள்கள் மறையும் சூரியனின் கதிர் உள்ளே நுழைந்து பெருமாள் மேனியில் படும். அங்கே ஒளி வெளியிலிருந்து தெய்வத்தைத் தேடி வருகிறது. திருவட்டாற்றிலிருந்து சில மைல் தள்ளித் திருநந்திக்கரைக் குடைவரை. அதன் சுவரில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு ஓவியத்தின் மங்கிய கோடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேரளச் சுவரோவியத்தின் பழைய வேர் நம் மாவட்டத்தில்தான். அந்த வேரிலிருந்து உப்பரிகை வரை எண்ணூறு ஆண்டு இடைவெளி. ஆனால் கோட்டை நம்பி உருவத்தைக் கட்டும் பழக்கம் மாறவில்லை.

பத்மநாபபுரத்து ஓவியங்களை உலகம் கவனிக்க வைத்தவர்களில் முதன்மையானவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். வியன்னாவில் படித்து, கல்கத்தாவில் கற்பித்து, சித்திரசூத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அம்மையார். ஐரோப்பிய ஓவியமும் சித்திரசூத்திரமும் இரண்டும் கைவந்தவர் அக்காலத்தில் வேறு யார்? திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகர் ஜேம்ஸ் கசின்ஸ், தொல்லியல் துறைத் தலைவர் வாசுதேவப் பொதுவாள் இவர்களுடன் சேர்ந்து அவர் 1948இல் திருவிதாங்கூர்க் கலைகள் பற்றி வெளியிட்ட நூல் இன்றும் தவிர்க்க முடியாதது.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது. மேல்தளத்து அறையை ஓவியப் பாதுகாப்புக் கருதிப் பொதுவாகத் திறப்பதில்லை. அதுவே சரி என்பதுதான் என் கருத்தும். மூச்சின் ஈரமும் கைபடுதலும் சுண்ணாம்புச் சுவருக்கு எதிரி. குறுகிய மரப்படியில் கூட்டத்தை ஏற்றவும் கூடாது. ஆனால் கீழே ஓர் அறையை இருட்டாக்கி, அந்தச் சுவர்களின் முழு அளவுப் படியெடுப்புகளை நிறுத்தி, நடுவே எண்ணெய் விளக்கின் அளவும் நிறமும் கொண்ட ஒளி ஒன்றை மட்டும் தூக்கி வைக்க முடியும். தமிழிலும் மலையாளத்திலும் விளக்கக் குறிப்பு எழுத முடியும். தக்கலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரண்மனைக்கு வந்து கட்டிலையும் கருந்தரையையும் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே திரும்பிப் போகிறார்கள். இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து இந்த ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பகுதியில் உதயகிரிக் கோட்டையின் பீரங்கி வார்ப்படச் சாலைக்குள் நுழைவோம்.

(தொடரும்)